படகைத் துடைத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: ட்ரெய்லரில் ஏற்றிச் செல்லும் சிறிய மோட்டார் படகு வைத்திருக்கிறேன். ஒரே வாரத்தில் இரண்டு ஏரிகளில் ஓட்டுவேன். கிளம்பும் முன் பாசி, கொடிகளை எடுத்துவிட்டு நன்றாகத் துடைக்கிறேன். அதற்கு மேலும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: ஆம். பாசியை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள், அது நல்லது. ஆனால் ஓர் ஏரியின் உயிரிகளை இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோய்ப் பரப்பும் அதிக ஆபத்து படகுக்குள் தங்கும் தண்ணீரில் இருக்கிறது. ஜீப்ரா மஸல் என்ற நன்னீர் மட்டியின் லார்வா சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது, தெளிந்த நீரிலும் இருக்கும். ஒரு பெண் மட்டி ஆண்டுக்குப் பல லட்சம் முட்டையிடும். ஏரியில் ஒருமுறை நிலைத்துவிட்டால் பெரும்பாலும் அகற்றவே முடியாது.

ஆகவே கரையேறியதும், தண்ணீரை விட்டுத் தள்ளி, வடிகால் மூடியைக் கழற்றிப் படகின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துங்கள். அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்புறம் வெளியே மாட்டியிருக்கும் மோட்டார்) முழுக்கச் செங்குத்தாக இறக்கி வையுங்கள். சாய்த்தே வைத்தால் குளிர்விக்கும் பாதையில் நீர் தேங்கிவிடும். மீன் தொட்டி, இரை வாளி, பாலாஸ்ட் தொட்டி (படகுக்கு எடை கூட்ட நீர் நிரப்பும் தொட்டி) எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். பம்ப் நின்ற பிறகும் பாலாஸ்ட் தொட்டியின் அடியில் சில லிட்டர் மிஞ்சும்; பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். மீந்த இரையை நீரில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள்.

அடுத்து, படகின் அடிப்பாகத்தை விரலால் தடவுங்கள். வழவழப்பான இடத்தில் உப்புத்தாள் போலச் சொரசொரத்தால் குட்டி மட்டிகள் ஒட்டியிருக்கலாம். புரொப்பல்லர் தண்டு, ட்ரெய்லர் உருளைகள், நங்கூரக் கயிறு ஆகியவற்றில் சிக்கிய கொடித்துண்டுகளையும் எடுங்கள். சில நீர்ச்செடிகளுக்கு விரலளவு துண்டே புதுச் செடியாக முளைக்கப் போதும்.

ஒரே வாரத்தில் ஏரி மாறுகிறீர்கள் என்பதால் வெந்நீர்தான் நம்பகமான வழி. படகின் பரப்பில் 60 டிகிரி செல்சியஸ் நீர் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 10 விநாடி படவேண்டும். குழாய் முனையில் 60 இருந்தாலும் காற்றில் பாய்ந்து வரும்போது சூடு குறையும். முனையைக் கிட்டத்தில் பிடியுங்கள். குளிர்நீரின் அழுத்தம் மட்டியைப் பெயர்த்தெடுக்கும், கொல்லாது. கழுவிய நீர் ஏரிக்கோ ஓடைக்கோ ஓடக்கூடாது. எஞ்சினுக்குள் வெந்நீர் விடுமுன் கையேட்டில் வெப்ப வரம்பைப் பாருங்கள். தண்ணீர் ஏறாமல் எஞ்சினை ஓட்டினால், குளிர்விக்கும் நீரை இழுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழல் இறக்கை) கருகிவிடும். பிளீச் வேண்டாம்: மட்டி அதை உணர்ந்ததும் தன் ஓடுகளை மூடிக்கொள்ளும், உங்கள் ரப்பர் பாகங்கள்தான் கெடும்.

வெந்நீர் கிடைக்காவிட்டால் உலர்த்துங்கள். எல்லாம் தொட்டால் ஈரமில்லாத நிலைக்கு வந்தபிறகு குறைந்தது 5 நாள். குளிர்ந்த, ஈரப்பதமான பருவத்தில் வளர்ந்த மட்டி வாரக்கணக்கிலும் உயிரோடிருக்கும், அப்போது நாட்களைக் கூட்டுங்கள். சுருட்டி வைத்த கயிறும், ட்ரெய்லர் தாங்குகட்டையின் கம்பளமும், லைஃப் ஜாக்கெட்டும் கடைசியாகத்தான் காயும். அவற்றைப் பிரித்து வெயிலில் போடுங்கள்.