பழைய டபுள் பேரல்: கடையிலா, ஆளிடமா?

கே: பழைய இங்கிலாந்து டபுள் பேரல் துப்பாக்கி ஒன்று. கடை விலையில் பாதிக்கு எஸ்டேட்காரர் ஒருவர் தருகிறார். லைசென்ஸ் இருக்கிறது. வாங்கலாமா? (வால்பாறை வாசகர்)

ப: வாங்கலாம், பொறுமை இருந்தால். உங்கள் பெயர், முகவரியைச் சொல்லி அவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கி கை மாறலாம். 1959 ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவு.

கே: விற்பவர் அவசரம் என்றார், முன்பணம் கொடுத்துவிட்டேன். லைசென்ஸுக்கு இனிமேல்தான் மனு. பரவாயில்லையா? (தேனி வாசகர்)

ப: பெண் பார்க்காமலே பந்தக்கால் நட்டாயிற்று! பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கே: கடையில் ஒன்று, குழலின் நீல நிறம் மங்காமல் பளபளக்கிறது. நம்பலாமா? (கூடலூர் வாசகர்)

ப: அந்தப் பளபளப்புக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன். குழலில் முகம் பார்க்கலாம். "புதுசு மாதிரி சார்" என்றார் கடைக்காரர். பல்லிளித்துக்கொண்டு வாங்கி வந்தேன். பழைய டபுள் பேரலில் இரு குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டை ஈயப் பற்றில் நிற்பது. அந்தக் காலத்தில் மெல்லத் துருவேற்றி, தேய்த்துத் தேய்த்து நிறம் கொண்டுவந்தார்கள். இப்போது காரக் கரைசலில் கொதிக்கவைத்து எடுத்துவிடுகிறார்கள். அது பற்றைத் தின்றுவிடும். போதாததற்கு, பாலிஷ் போடுகிறேன் என்று குழல் வெடியைத் தாங்கும் என்று சோதித்துக் குத்திய பர்மிங்காம் முத்திரையையும் மழுக்கிவிடுவார்கள். குழலைத் தனியே கழற்றி, அதன் அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, முட்டியால் தட்டுங்கள். பற்று விடாமல் இருந்தால் மணியாக ஒலிக்கும். என்னுடையது விரிசல் விட்ட சட்டி மாதிரி 'டொக்' என்றது. வீட்டுக்கு வந்த பிறகு தட்டிய புத்திசாலி நான்.

கே: கடையில் வாங்கினேன். மூடினாலும் குழல் ஆடுகிறது. "பழைய சாமானுக்குக் கேரண்டி கிடையாது" என்கிறார் கடைக்காரர். ஓய்வூதியப் பணம், ஐயா. (ஈரோடு வாசகர்)

ப: மனம் தளராதீர்கள். அவர் வியாபாரி, நீங்கள் நுகர்வோர். ரசீது இருக்கிறதல்லவா? துப்பாக்கி பழுது பார்க்கும் நல்ல கன்ஸ்மித் ஒருவரிடம் காட்டி, குறையை எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் சிவில் கோர்ட் படிதான் ஏற வேண்டும். கடையில் கூடுதலாகக் கொடுத்த காசு இதற்குத்தான், விடாதீர்கள்.

கே: குழலில் தோட்டா வைக்கும் 65 மி.மீ. அறையில் 70 மி.மீ. தோட்டா சுலபமாக உள்ளே போகிறதே? (கொடைக்கானல் வாசகர்)

ப: போகும். சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் எகிறும். போடாதீர்கள்.