பொறுத்திருக்க நேரமில்லாத சிறுநீரக நோய்

கேள்வி: என் தங்கைக்குச் சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கி, இரண்டே வாரங்களில் சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் ரத்தக் கழிவான கிரியாட்டினின் 5-ஐத் தொட்டுவிட்டது. 'ஆன்டி-ஜிபிஎம்' நோய், உடனே பிளாஸ்மா மாற்ற வேண்டும் என்கிறார்கள். சில நாள்கள் பொறுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பொறுக்க வேண்டாம், அம்மா. உடலின் எதிர்ப்பணுக்களே (ஆன்டிபாடிகள்) சிறுநீரக வடிகட்டியின் சவ்வைத் தாக்கும் இந்நோயில், டயாலிசிஸ் தேவைப்படும் நிலைக்கு முன்பே சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்குத்தான் சிறுநீரகம் மீளும் வாய்ப்பு அதிகம். ரத்தத்தை இயந்திரத்தில் செலுத்தி, எதிர்ப்பணுக்கள் மிதக்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, ஈடாக ஆல்புமின் என்ற ரத்தப் புரதமோ தானமாகப் பெற்ற பிளாஸ்மாவோ ஏற்றுவார்கள். பெரும்பாலும் நாள்தோறும், 14 நாள்கள் வரை இது தொடரும். உதடோ விரல்நுனியோ மரத்துக் குறுகுறுத்தால் செவிலியரிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள். கால்சியம் குறைந்ததன் அறிகுறி அது, எளிதில் சரிசெய்யலாம்.

ஆனால் உடல் புதிய எதிர்ப்பணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்குமாதலால், அந்த உற்பத்தியை அடக்கும் ஸ்டீராய்டு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்துகள் சேராமல் பிளாஸ்மா மாற்றம் மட்டும் போதாது. இச்சிகிச்சை எல்லாச் சிறுநீரக நோய்க்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும்: ஆன்கா வாஸ்குலைட்டிஸ் என்ற ரத்தக்குழாய் அழற்சி நோயாளிகள் 704 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான பெக்சிவாஸ் ஆய்வில், பிளாஸ்மா மாற்றம் மரணத்தையோ நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பையோ குறைத்ததாக நிறுவப்படவில்லை. உங்கள் தங்கையின் நோய் வேறு, இன்றே சம்மதியுங்கள்.