டியூட்டர் சொல்லும்போது புரிகிறது, தேர்வில் கை ஓடவில்லையே, ஏன்?

பெரும்பாலும் கோளாறு டியூட்டரைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. "இந்தப் பாடமே புரியல" என்று போய் உட்கார்ந்தால் அவர் அடிப்படையிலிருந்து விரிவுரை நடத்துவார். ஒரு மணி நேரமும் அதிலேயே கரைந்துவிடும்.

முந்தைய நாளே இரண்டு மூன்று கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் நின்றீர்களோ அங்கே அடையாளம் வையுங்கள். தப்பாகப் போட்டதை அழிக்காதீர்கள், டியூட்டருக்கு அதுதான் முக்கியம். "பகுதித் தொகையிடலில் எந்தச் சார்பை முதலில் எடுப்பது என்று குழப்பம்" என்கிற அளவுக்குக் கேள்வி குறுகினால் பத்தே நிமிடத்தில் தெளிந்துவிடும்.

பேனா உங்கள் கையில் இருக்கட்டும். அவர் போட்டுக் காட்டும்போது எல்லாமே புரிந்த மாதிரிதான் இருக்கும் (இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்). கடைசி 10 நிமிடத்தில், அதே வகையில் புதிய கணக்கொன்றைக் கேட்டு வாங்கி, அவர் வாய் திறக்காமல் பார்த்திருக்க, நீங்களே முடியுங்கள். அன்றிரவு ஒருமுறை, இரண்டு நாள் கழித்து இன்னொருமுறை, குறிப்பைப் பார்க்காமல் போடுங்கள். சிக்கினால் அந்த இடம்தான் அடுத்த வகுப்பின் முதல் கேள்வி.

கட்டுரைக்கு உதவி வேண்டுமென்றால் தலைப்போடு மதிப்பெண் விதிகளையும் எடுத்துச் செல்லுங்கள். எழுத்துப்பிழையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்; வாதம் நிற்கிறதா என்று கேளுங்கள்.