டிஸ்சார்ஜுக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

என் தம்பியை பைபோலார் நோய்க்காக (மனம் ஒரு சமயம் அளவுமீறிப் பொங்கும், இன்னொரு சமயம் சோர்ந்துவிடும்) ஒரு மாதம் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அந்த நோய்க்கு லித்தியம் மாத்திரையும் தூங்குவதற்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறான். நோய் அடங்கிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் காலை பத்து மணிக்குத்தான் எழுகிறான், இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை, வேலைக்குப் போகும் பேச்சே இல்லை. அப்பா சோம்பேறி என்கிறார். சொந்தக்காரர்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வ., மதுரை

அன்புள்ள வ.,

நோய் அடங்குவது வேறு, வாழ்க்கை திரும்புவது வேறு. இரண்டாவதற்கு அதிக நாள் பிடிக்கும். அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில், முதல்முறை மேனியா, அதாவது மனம் அளவுமீறிப் பொங்கும் கட்டம், வந்து சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் 98 சதவீதம் பேருக்கு அந்த நோய்க்கட்டம் முடிந்திருந்தது, அதில் பாதிப் பேருக்கு ஆறு வாரத்துக்குள்ளேயே. ஆனால் வேலையிலும் குடித்தனத்திலும் பழைய நிலைக்கு வந்தவர்கள் 43 சதவீதம்தான். மூன்று மாதத்தில் உங்கள் தம்பியிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பத்து மணிவரை தூங்குவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மேனியாவுக்குப் பின்னால் மனச்சோர்வு வருவது சாதாரணம். ராத்திரி மாத்திரையின் மயக்கம் காலையிலும் தொடரலாம். லித்தியம் சிலருக்கு தைராய்டைக் குறைக்கும், அதனாலும் உடம்பு மந்தமாகும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சோம்பேறி என்று சொல்லிவிட்டால் எதையும் தேட மாட்டோம். அந்தச் சொல்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. அடுத்த முறை நீங்களும் கூடப் போய், இரண்டு வாரத் தூக்க நேரங்களைக் குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். லித்தியம் அளவும் தைராய்டும் சிறுநீரகமும் எப்போது பரிசோதித்தது என்று கேளுங்கள்.

மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பும் தற்கொலை ஆபத்தும் கூடும். மதுரை வெயிலில் தண்ணீர் குறைந்தாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் போட வேண்டாம், அவையும் லித்தியத்தை ஏற்றும். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், தூக்கம். கல்யாண வீட்டுக்காக ராத்திரி முழுக்கக் கண்விழிப்பது, இரவுப் பேருந்தில் தூக்கம் கெடுவது, இதெல்லாம் மேனியாவைக் கிளப்பிவிடக்கூடும். வேலையை யோசிக்குமுன் எழும் நேரத்தை ஒழுங்காக்குங்கள், வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன். அவன் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்களா? பல வீடுகளில் நடக்கிறது. சந்தோஷப்படவே பயமாக இருக்கும் ஒருவனுக்கு என்ன வாழ்க்கை? எதைக் கண்டால் நீங்கள் கவலைப்பட வேண்டும் என்று அவனையே கேளுங்கள். தூங்காமல் இருப்பதா, காசு செலவழிப்பதா? அவன் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் மாதங்கள் ஆபத்தானவை. சாவைப் பற்றிப் பேசினால் பயந்து பேச்சை மாற்றாதீர்கள், நேரடியாகவே கேளுங்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உங்களுக்கே முடியாமல் போனாலும் கூப்பிடுங்கள்.