ஆபரேஷன் முடிஞ்சது, தண்ணி மட்டும் இறங்க மாட்டேங்குது: வாசகர் கேள்வி பதில்

எடை குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க கிட்டருந்தும் அவங்க வீட்டுக்காரங்க கிட்டருந்தும் வந்த கேள்விகள இந்த தடவை ஒண்ணா எடுத்துருக்கேன், யார் பேரும் போடல. என்ன சாப்பிடணும் எவ்வளவு சாப்பிடணும்னு எல்லாரும் பக்கம் பக்கமா எழுதி குடுத்து அனுப்புறாங்க, தண்ணிக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும். ஆனா டிஸ்சார்ஜ் ஆகி போனவங்க திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு உடம்புல தண்ணி வத்திப்போறதுதான், அதனால இந்த இதழ் முழுக்க தண்ணிக்கே.

கேள்வி: மேடம், எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் ஆகுது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கணும்னு சொன்னாங்க, எனக்கு அரை லிட்டர் போறதே பெரும்பாடா இருக்கு. ரெண்டு மடக்கு குடிச்சா நெஞ்சுல அடைச்சிக்குது, வெறும் தண்ணிய பாத்தாலே குமட்டுது. தாகமும் பெருசா எடுக்கல. தாகமே எடுக்கலன்னா உடம்புக்கு தேவையில்லன்னு தானே அர்த்தம்?

இல்லம்மா, அந்த கடைசி வரிய மட்டும் நம்பிடாதீங்க, இந்த நேரத்துல தாகத்த வெச்சு கணக்கு போடவே கூடாது. பசி மங்கிப்போற மாதிரி தாகமும் நிறைய பேருக்கு இந்த சமயத்துல மங்கிடுது, குமட்டல் இருக்கறதால தாகமா இருந்தாலும் தெரியறதில்ல. அதே நேரம் உடம்புக்கு தண்ணி வர்ற வழிகளும் அடைஞ்சு போயிருக்கு. சாதாரணமா நாம சாப்பிடற சாப்பாட்டுலருந்தே நம்ம தண்ணி தேவைல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு வந்துடும், இப்ப நீங்க சாப்பிடறது நாலு ஸ்பூன், அதுலருந்து என்ன வரும் சொல்லுங்க. இன்னொரு பக்கம் உடம்பு சேத்து வெச்ச கிளைக்கோஜன, அதாவது சேமிப்பா இருக்கற சர்க்கரைய கரைக்குது, ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடயும் சுமார் 3 கிராம் தண்ணி ஒட்டிட்டு இருக்கும், அதுவும் சேந்து வெளிய போகுது. முதல் வாரங்கள்ல வெயிட் மிஷின்ல எடை மளமளன்னு குறையறது பாக்க சந்தோஷமா இருக்கும்தான், அதுல பெரும் பங்கு தண்ணி.

அடைச்சிக்கறது ஏன்னா, ஸ்லீவ்ல இரைப்பைல 75லருந்து 80 சதவீதம் எடுத்துடறாங்க, மிச்சம் ஒரு குழாய் மாதிரி இருக்கும், அதுக்குள்ள 100லருந்து 150 மில்லிதான் பிடிக்கும். அதுவும் இப்ப உள்ள தையல் போட்ட இடமெல்லாம் வீங்கி இருக்கறதால அந்த இடம் கூட முழுசா கிடையாது. குறுகலான வாய் உள்ள பாட்டில்ல வேகமா ஊத்துனா வெளிய வழியற மாதிரிதான் இதுவும், மெதுவா விட்டா போயிடும். வீக்கம் வடிய வடிய நாள் போக போக சுலபமாகும், இப்ப இருக்கறது இப்படியே இருந்துடாது.

அதனால ஒன்றரை லிட்டர்னு நெனச்சு மலைக்காதீங்க, 30 மில்லின்னு நெனைங்க. இருமல் டானிக்கோட ஒரு சின்ன அளவு மூடி வரும் பாருங்க, அது ரெண்டு மூணு மூடி அளவு. அத 15 நிமிஷத்துக்குள்ள சிப் சிப்பா முடிங்க, ஒரு மணி நேரத்துக்கு 120 மில்லி ஆச்சு, நீங்க முழிச்சிருக்கற நேரத்துல 13 மணி நேரம் இத பண்ணா 1560 மில்லி, இலக்கு முடிஞ்சது. மொபைல்ல அலாரம் வெச்சுக்கோங்க, கூச்சமே படாதீங்க. அளவு கோடு போட்ட பாட்டில் ஒண்ணு கையோடவே இருக்கட்டும், படுக்கைக்கு பக்கத்துலயும் ஒண்ணு. காலைல வேலைல விட்டுப்போச்சுன்னு சாயங்காலம் ஒரே மூச்சுல அரை டம்ளர் குடிச்சு ஈடுகட்ட பாக்காதீங்க, வலியும் வாந்தியும்தான் மிச்சமாகும், அதுக்கு பயந்து அடுத்த நாள் இன்னும் கம்மியா குடிப்பீங்க.

குமட்டறதுக்கு, தண்ணியோட சூட்ட மாத்தி பாருங்க. சில பேருக்கு ஜில்லுன்னு இருந்தா பிடிச்சு இழுக்கும், வெதுவெதுன்னு இருந்தா இறங்கிடும், சில பேருக்கு நேர் எதிரா ஐஸ் துண்டு வாய்ல போட்டு கரைய விட்டாதான் ஒத்துக்கும். வெறும் தண்ணிக்கு வாய் ஒப்பலன்னா எலுமிச்சை ஒரு துண்டு போடுங்க, சர்க்கரை வேண்டாம். வடிகட்டுன சூப், பால், ப்ரோட்டீன் ஷேக் இதெல்லாமே தண்ணி கணக்குலதான் வரும், இது நிறைய பேருக்கு தெரியாம வெறும் தண்ணியாவே ஒன்றரை லிட்டர் குடிக்கணும்னு அழுவாங்க. ஒரு நாளைக்கு குறைஞ்சது 60 கிராம் ப்ரோட்டீனும் போகணும், அதனால ஷேக்க நாள் முழுக்க சிப் பண்ணா ரெண்டு கணக்கும் ஒண்ணா ஏறும். வயித்துல இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, இன்னிக்கு மசிச்ச சாப்பாடா தண்ணியான்னு வந்தா, இந்த மூணாவது வாரத்துல நான் தண்ணி பக்கம்தான் நிப்பேன். அரை லிட்டர் பத்தாது, இன்னிக்கே உங்க ஆபரேஷன் டாக்டர் டீமுக்கு போன் பண்ணி சொல்லிடுங்க, குமட்டலுக்கு மாத்திரை குடுப்பாங்க, தேவைப்பட்டா டிரிப்ஸ் ஏத்துவாங்க, அது தோல்வி ஒண்ணும் கிடையாது.

கேள்வி: சாப்பிடும்போது தண்ணி குடிக்கக்கூடாதுன்னு சொல்றாங்க, எனக்கு சின்ன வயசுலருந்து வாய்க்கு ஒரு மடக்கு குடிச்சே பழக்கம். சாப்பிட்டு முடிச்சும் அரை மணி நேரம் காத்திருக்கணுமாம். இப்படி எல்லா நேரமும் தடை போட்டா எப்பதான் குடிக்கறது?

உங்க கோவம் நியாயமானது, இந்த கணக்க யாரும் உக்காந்து போட்டு காட்டறதில்ல. முதல்ல ஏன்னு சொல்லிடறேன். சின்ன இரைப்பைல சாப்பாடும் தண்ணியும் ஒண்ணா சேந்தா இடம் பத்தாம வலிக்கும், எதுக்களிக்கும். சாப்பாட்ட தண்ணி சீக்கிரம் கீழ தள்ளிடுச்சுன்னா வயிறு நெறஞ்ச உணர்வு நிக்காது, கொஞ்ச நேரத்துல மறுபடி பசிக்கும். பைபாஸ்னா இரைப்பைய ஒரு சின்ன பையா பிரிச்சு நேரா குடலோட இணைக்கற ஆபரேஷன், அத பண்ணவங்களுக்கு அந்த பை ஏறக்குறைய 30 மில்லிதான், அங்கருந்து இனிப்பான சாப்பாடு சட்டுன்னு குடலுக்குள்ள விழுந்தா படபடப்பு வேர்வை வயித்துப்போக்குன்னு டம்பிங் வரும். அதனால சாப்பிட்டு 30 நிமிஷம் வரைக்கும் தண்ணி வேண்டாம்னு சொல்றாங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நிறுத்தணும்ங்கறது டீமுக்கு டீம் மாறும், உங்க கைல இருக்கற தாள்ல என்ன போட்டிருக்கோ அதையே வெச்சுக்கோங்க.

இப்ப கணக்கு. நீங்க 15 மணி நேரம் முழிச்சிருக்கீங்க, அஞ்சு வேளை சாப்பிடறீங்கன்னு வைங்க. ஒரு வேளைக்கு சாப்பிட அரை மணி, அப்புறம் காத்திருக்க அரை மணி, ஆக அஞ்சு மணி நேரம் போச்சு. மிச்சம் பத்து மணி நேரம், மணிக்கு 150 மில்லி போட்டா ஒன்றரை லிட்டர் வந்துடும். முடியற கணக்குதான். ஆனா நடுநடுவுல ஒரு பிஸ்கட், ரெண்டு கடலைன்னு கொறிச்சீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் மறுபடி அரை மணி நேரம் காத்திருக்கணும், இப்படித்தான் நாள் முழுக்க தண்ணிக்கு வாய் கிடைக்காம போகுது, அதே மாதிரி ஒரு கிண்ணத்த வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் சாப்பிடறவங்களுக்கும் இதே கதிதான். 20லருந்து 30 நிமிஷத்துல முடிச்சிட்டு எழுந்திருங்க, மிச்சம் இருந்தா இருக்கட்டும்.

வாய் காயுதுன்னா சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி நல்லா கொப்பளிச்சிட்டு உக்காருங்க, சாப்பாடு வறண்டு இருக்காம ஈரப்பதமா மசிஞ்ச மாதிரி இருக்கட்டும், கூழாகற வரைக்கும் மெல்லுங்க. ஒரு விஷயம் முக்கியமா ஞாபகம் வெச்சுக்கோங்க, சாப்பாடு நெஞ்சுல மாட்டிக்கிட்டா கை தானா தண்ணிக்குதான் போகும், குடிச்சிடாதீங்க. அடைச்ச இடத்துக்கு மேல தண்ணியும் நின்னு எச்சில் நுரை நுரையா வெளிய வரும். எழுந்து மெதுவா நடங்க, பெரும்பாலும் தானா இறங்கிடும். இறங்கவே இல்ல, எச்சிலையே முழுங்க முடியலன்னா டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: காபி, சோடா, ஜூஸ் இதெல்லாம் தண்ணி கணக்குல சேருமா? ஸ்ட்ரா போட்டு குடிக்கலாமா?

காபி டீய ஆரம்ப வாரங்கள்ல நிறைய டீம் நிறுத்தி வெக்கறாங்க, இரைப்பைய உறுத்தும்னு. அவங்க சரின்னு சொன்ன பிறகு அளவா குடிச்சா அதுவும் தண்ணி கணக்குல சேரும், ஆனா இரும்புச்சத்து மாத்திரை போடற நேரத்துக்கு ஒட்டி குடிக்காதீங்க, சத்த உறிஞ்ச விடாது. சோடா மாதிரி கேஸ் உள்ளது எதுவும் வேண்டாம், உப்பிக்கிட்டு வலிக்கும். ஜூஸ் உடம்புக்கு நல்லதுதானேன்னு குடிக்கறாங்க, பழத்துலருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான், பைபாஸ் ஆனவங்களுக்கு டம்பிங் வரும், சத்தும் கம்மி. மது வேண்டவே வேண்டாம், இந்த ஆபரேஷன்களுக்கு அப்புறம் ரத்தத்துல ரொம்ப வேகமா ஏறும், உடம்பையும் வத்த வெக்கும். ஸ்ட்ராவுல காத்தும் சேந்து உள்ள போகும்னு வேண்டாம்கறாங்க, சில பேருக்கு ஸ்ட்ராவுலதான் சின்ன சின்னதா குடிக்க வருது, உங்க டீம் ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபனை இல்ல.

கேள்வி: நான் சரியா குடிக்கறேன், ஆனாலும் சிறுநீர் பளிச்சுன்னு மஞ்சளா போகுது. பயமா இருக்கு.

மல்டிவைட்டமின் போட்டுக்கறீங்கல்ல, அதுல இருக்கற பி2 வைட்டமினோட நிறம் அது, மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு அப்படி பளீர்னுதான் போகும், பயப்பட வேண்டாம், மாத்திரையையும் நிறுத்திடாதீங்க. கவலைப்பட வேண்டிய நிறம் கலங்கலா அடர் மஞ்சள், பழுப்பு. அளவும் எத்தனை தடவை போறீங்கங்கறதும் நிறத்த விட நல்லா காட்டிக்குடுக்கும். காலைலருந்து மத்தியானம் வரைக்கும் போகவே இல்லன்னா, நாக்கு ஒட்டுதுன்னா, எழுந்து நிக்கும்போது கண்ண இருட்டுதுன்னா, மலம் கட்டிப்போச்சுன்னா தண்ணி பத்தல.

கேள்வி: என் மனைவிக்கு பைபாஸ் பண்ணி ஆறு வாரம் ஆகுது. நாலு நாளா எது குடிச்சாலும் வாந்தி. பழகிட்டு வருது, சரியாயிடும்னு சொல்றா, டாக்டர தொந்தரவு பண்ண வேணாம்கறா. நடக்கும்போது தள்ளாடறா. என்ன செய்யட்டும்?

கடிதம் வந்த அன்னிக்கே இவருக்கு தனியா பதில் அனுப்பிட்டேன், இருந்தாலும் எல்லாரும் படிக்கணும்னு இங்கயும் போடறேன். சார், உடனே கூட்டிட்டு போங்க. இது பழகற விஷயம் கிடையாது. பைபாஸ்ல இரைப்பையும் குடலும் சேர்ற வாய் முதல் சில வாரங்கள்ல சுருங்கிப்போறது உண்டு, அப்ப தண்ணி கூட இறங்காது, எண்டோஸ்கோப்பி பண்ணி விரிச்சு விட்டா சரியாகிடும், வீட்ல உக்காந்தா சரியாகாது.

அத விட பெரிய விஷயம் பி1 வைட்டமின், தயமின்னு சொல்வாங்க. நம்ம உடம்பு இத ரெண்டு மூணு வாரத்துக்கு மேல சேத்து வெக்கறதில்ல. ஏற்கனவே சாப்பாடு கம்மி, கூட விடாம வாந்தி, இருக்கறதும் தீந்துடும். அப்ப நடை தள்ளாடும், பார்வை ரெட்டையா தெரியும், கண்ணு ஆடும், குழப்பமா பேசுவாங்க. சீக்கிரம் தயமின் ஏத்தலன்னா மூளை, நரம்பு பாதிப்பு நிரந்தரமா தங்கிடலாம். அதனால எமர்ஜென்சில நுழைஞ்ச உடனே, எடை குறைப்பு ஆபரேஷன் ஆகிருக்கு, நாலு நாளா வாந்தி, நடை தள்ளாடுதுன்னு நீங்களே வாய்விட்டு சொல்லுங்க, குளுக்கோஸ் டிரிப்ஸ் போடறதுக்கு முன்னாடி பி1 குடுக்கணுமான்னு கேளுங்க, ஏன்னா தயமின் இல்லாம குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா இந்த பாதிப்பு இன்னும் மோசமாகலாம். கேக்கறதுக்கு தயங்காதீங்க, அங்க இருக்கற டாக்டருக்கு உங்க மனைவியோட ஆபரேஷன் விவரம் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.

படிக்கற மத்தவங்களுக்கும் சொல்றேன், ஒரு நாள் முழுக்க தண்ணி தங்கலன்னா நாலாவது நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. ஆபரேஷன் ஆன புதுசுல காய்ச்சல், ஓய்வா இருக்கும்போதே நெஞ்சு படபடன்னு நாடித்துடிப்பு 120 தாண்டறது, வயித்து வலி ஏறிக்கிட்டே போறது, இடது தோள்ல வலி, இதுல எது வந்தாலும் தண்ணி பிரச்சினைன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, தையல் கசிவா கூட இருக்கலாம், நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

கேள்வி: பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பழைய மாத்திரைதான் போட்டுட்டு இருக்கேன். எழுந்தா தலை சுத்துது. தண்ணி பத்தாததாலயா?

ரெண்டும் சேந்துருக்கலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் பிரஷரும் சர்க்கரையும் சீக்கிரமே இறங்க ஆரம்பிச்சிடும், பழைய டோஸ் இப்ப உங்களுக்கு அதிகமா இருக்கும். நீர் பிரியறதுக்கு குடுக்கற பிரஷர் மாத்திரை இருந்தா, கொஞ்சமா உள்ள போற தண்ணியையும் அது வெளிய தள்ளிடும். சர்க்கரைய சிறுநீர் வழியா வெளியேத்தற வகை மாத்திரையும் அப்படித்தான், சாப்பாடு கம்மியா இருக்கும்போது அது ரத்தத்துல கீட்டோன் ஏறி அமிலமாகற ஆபத்தையும் கொண்டு வரலாம், சர்க்கரை அளவு சாதாரணமா காட்டும்போதே. நீங்களா நிறுத்தாதீங்க, நாளைக்கு தள்ளிப்போடவும் வேணாம், மாத்திரை அட்டைய கைல வெச்சுக்கிட்டு போன் பண்ணுங்க, இன்னிக்கு வீட்ல பாத்த பிரஷரும் சர்க்கரையும் எவ்வளவுன்னு சேத்து சொல்லுங்க. தலைவலி உடம்பு வலிக்குன்னு ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையும் வாங்கி போடாதீங்க, இரைப்பைல புண்ணு வரும், வத்திப்போன உடம்புல கிட்னியும் அடி வாங்கும்.

கேள்வி: பைபாஸ் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு, நல்லா சாப்பிடறேன். போன மாசம் கிட்னில கல்லுன்னு சொல்லிட்டாங்க. இதுக்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு. பைபாஸ்க்கு அப்புறம் கொழுப்பு முழுசா உறிஞ்சப்படாம குடல்ல மிஞ்சும், அது கால்சியத்த பிடிச்சுக்கும். வழக்கமா அந்த கால்சியம்தான் ஆக்ஸலேட்டுன்னு சாப்பாட்டுல இருக்கற, கல்லாகக்கூடிய பொருள கட்டிப்போட்டு மலத்தோட அனுப்பும், இப்ப ஆக்ஸலேட் தனியா ரத்தத்துக்கு போய் கிட்னி வழியா வருது, சிறுநீரும் கம்மின்னா கல்லாகுது. முதல் மாசங்கள்ல அலாரம் வெச்சு குடிச்சவங்க சாப்பாடு நல்லா இறங்க ஆரம்பிச்சதும் தண்ணிய மறந்துடறாங்க, உங்களுக்கும் அப்படித்தான் ஆகிருக்கும்னு நெனைக்கறேன். இப்ப உங்களால ஒரு தடவைக்கு நல்லாவே குடிக்க முடியும், ஒரு நாள் சிறுநீர் 2 லிட்டருக்கு மேல போற அளவுக்கு குடிங்க, அதுக்கு ரெண்டரை லிட்டர் கிட்ட தேவைப்படும், வேர்வை அதிகம்னா இன்னும் மேல. கால்சியம் மாத்திரைய கல்லுக்கு பயந்து நிறுத்துனா ஆக்ஸலேட் இன்னும் ஏறும், டாக்டர கேட்டு சிட்ரேட் வகைய சாப்பாட்டோட சேத்து போடுங்க. அந்த பழைய அளவு பாட்டில் வீட்ல எங்கயாவது இருக்கும், தேடி எடுங்க.