நட்டு, போல்ட் கழற்றும் பழைய பிரிட்டிஷ் சாக்கெட் செட்டை எப்படி அடையாளம் காண்பது? சேகரிக்க ஆரம்பிப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பர்மிங்காமில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கார் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்கும் கார் பூட் சேலுக்குப் போய், எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் இரும்புப் பெட்டிகளைக் கிளறுவது பல வருஷப் பழக்கம். வீட்டில் என்னை மரை கழண்டவன் என்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் வகையான விட்வொர்த் மரையா, அதைவிட நெருக்கமான பி.எஸ்.எஃப். மரையா என்று மட்டும் இன்னும் யாரும் கேட்கவில்லை.

பலரும் கையில் எடுத்ததும் கம்பெனிப் பெயரைத்தான் தேடுகிறார்கள். நான் முதலில் அளவைப் படிப்பேன். ஒரு சாக்கெட்டில் 1/4 டபிள்யூ (விட்வொர்த்) என்று பொறித்திருக்கும். வாயை அளந்தால் 0.525 அங்குலம், கிட்டத்தட்ட 13.3 மி.மீ. வரும். கால் அங்குலம் எங்கே போனது? அது போல்ட்டின் தடிமன். ஜோசப் விட்வொர்த் 1841இல் மரைகளுக்கு ஒரு பொது அளவு கொண்டுவந்தார். அந்த வழக்கத்தில் ஸ்பேனரிலும் சாக்கெட்டிலும் போல்ட்டின் அளவையே பொறித்தார்கள், வாயின் அளவை அல்ல.

இது தெரியாமல் ஊரில் அப்பாவின் பழைய புல்லட்டில் கை வைத்தேன். மெட்ராஸில் தயாரான வண்டிதான், ஆனால் உள்ளே பிரிட்டிஷ் மரை. 13 சாக்கெட் நுழையவில்லை, 14 போட்டு அழுத்தித் திருகினேன். நட்டின் ஆறு முனையும் மழுங்கிவிட்டது. அப்பா ஒரு வாரம் பேசவில்லை. இந்தப் பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே 1/4 டபிள்யூ சாக்கெட் 5/16 பி.எஸ்.எஃப். நட்டுக்கும் சேரும். அதனால் பல சாக்கெட்டுகளில் இரண்டு அளவுமே இருக்கும். இரண்டாம் உலகப் போரில் இரும்பை மிச்சப்படுத்த விட்வொர்த் போல்ட்டின் தலையை ஓர் அளவு சிறியதாக்கினார்கள். ஆகவே வண்டியில் இருக்கும் போல்ட் எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்து சாக்கெட்டும் மாறும். குழப்பம்தான். சட்டைப்பையில் வெர்னியர் காலிப்பர் இருந்தால் பிழைத்தீர்கள்.

ஏ.எஃப். என்று இருந்தால் கதை வேறு. அங்கே எண் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அளவு: 1/2 ஏ.எஃப். என்றால் 12.7 மி.மீ. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948இல் பொது மரைக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் இது பிரிட்டிஷ் கார்களில் பெருகியது. விட்வொர்த் மட்டுமே உள்ள பெட்டி பெரும்பாலும் அதைவிடப் பழைய வண்டிகளை மனதில் வைத்துச் செய்தது என்று ஊகிக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது. பி.ஏ. என்பது மின்சாதனங்களின் சின்ன மரைகளுக்கு. எண் கூடக் கூட அளவு குறையும்.

அப்புறம் பெயர்கள். புல்டாக் படம் போட்ட கிங் டிக் பர்மிங்காம் சரக்கு, பிரிட்டூல் உல்வர்ஹாம்ப்டன், கார்டன் ஷெஃபீல்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பிரிட்டூலைச் சொல்வேன். அடிக்கடி கண்ணில் படும், உதிரி கிடைக்கும், இன்றைக்கும் வேலைக்கு ஆகும்.

மூன்று கோடு சேர்ந்த காக்கைக் கால் போன்ற அம்புக்குறி தெரிந்தால் நின்று பாருங்கள். அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை, பெரும்பாலும் ராணுவச் சாமான். பக்கத்தில் வருஷமும் பொறித்திருந்தால் யோகம். அம்பு சி எழுத்துக்குள் இருந்தால் கனடா, இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவில் இருந்தால் ஆஸ்திரேலியா. போர்க்காலச் சாமானில் குரோம் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். கறுப்பாக இருப்பதே நல்ல அறிகுறி.

நான் ஏமாந்தது பெட்டியில். "முழு செட், ஒரிஜினல்" என்று நாற்பது பவுண்டு கேட்டார் ஒருவர், கொடுத்தேன். வீட்டில் துடைத்துப் பார்த்தால் மூன்று கம்பெனிச் சாக்கெட்டுகள், நான்காவது கம்பெனி ராட்செட் கைப்பிடி. இப்போது ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, எழுத்தின் வடிவம், பூச்சு, ராட்செட் மாட்டும் சதுர ஓட்டை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுகிறேன். பெட்டித் தகட்டில் சாக்கெட் உட்கார்ந்த தழும்பு இருக்கும். அதில் கச்சிதமாக உட்காராதது பிற்பாடு வந்து சேர்ந்தது.

துருவை எடுக்கிறேன் என்று உடனே கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள். மங்கலான வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ தெரியும் பூச்சு காட்மியமாக இருக்கலாம்; அதன் தூசி நச்சு. பூச்சுள்ளதை வினிகரிலும் ஊறப்போட வேண்டாம். மண்ணெண்ணெயும் பழந்துணியும் போதும். எழுத்து தெரிந்தால் சரி, பளபளக்க வேண்டியதில்லை.