லத்தீன், இத்தாலிய மொழிகளில் அச்சமும் நடுக்கமும்: கேள்வி பதில்

கேள்வி: லத்தீனில் பயத்துக்கு ஏன் இத்தனை சொற்கள்?

பதில்: கி.மு. 45 வாக்கில் ரோம எழுத்தாளர் சிசரோவே இவற்றைப் பிரித்து எழுதியிருக்கிறார். பொதுச்சொல் மெதுஸ். கெடுதல் நெருங்குகிறதே என்ற அச்சம் திமோர். புத்தியை நிலைகுலைப்பது பவோர். ஆளையே உலுக்குவது தெர்ரோர். அது வந்தால் முகம் வெளுக்கும், உடம்பு நடுங்கும், பல் தந்தியடிக்கும் என்கிறார். அந்த நடுக்கம்தான் த்ரெமோர். கவிஞர்கள் இந்த வரம்பையெல்லாம் பார்ப்பதில்லை.

கேள்வி: திமோர், த்ரெமோர் இரண்டும் ஒரே வேரா?

பதில்: இல்லை. ஓசை ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: தெர்ரோர் என்பது நிலத்தைக் குறிக்கும் தெர்ராவிலிருந்து வந்ததா?

பதில்: இல்லை. மேலே சொன்னதேதான்.

கேள்வி: திமோர் தீவு?

பதில்: அது மலாய். திமுர் என்றால் கிழக்கு.

கேள்வி: நம் 'திமிர்'?

பதில்: சம்பந்தமே இல்லை. ஓசைக் கேள்விகள் இத்தோடு போதும்.

கேள்வி: இத்தாலியர் அன்றாடம் எதைச் சொல்வார்கள்?

பதில்: பவூரா. பவோரிலிருந்து வந்தது. திடுக்கிடல் ஸ்பவேந்தோ. திமோரே கொஞ்சம் ஏட்டுச்சொல், தெய்வபயத்துக்கு அதுதான். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' காவியத்தில், நரகப் பகுதியின் முதல் பாடலில் பவூரா ஐந்து முறை வருகிறது. அங்கேயே, பெண் ஓநாயைக் கண்ட தாந்தே 'என் நரம்பும் நாடியும் நடுங்குகின்றன' என்கிறார். மலைப்பான வேலை வந்தால் இத்தாலியர் இன்றும் அந்தத் தொடரைத்தான் எடுக்கிறார்கள்.

கேள்வி: சேர்ந்திசையில் பாடுகிறேன். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் இரங்கல் பூசை இசையில் (ரெக்வியம்) 'த்ரெமென்ஸ் ஃபாக்துஸ் சும் ஏகோ, எத் திமேயோ' என்று வருகிறது. ஒன்றையே இரண்டு தரம் சொல்வானேன்?

பதில்: ஒன்றல்ல. 'நடுங்கிப்போனேன், அஞ்சுகிறேன்.' முதலில் உடம்பு, பிறகு மனம். சொப்ரானோ, அதாவது பெண்களின் உச்சக்குரல், தனியாகப் பாடும் இடம். அது உங்கள் பங்கானால், இரண்டையும் ஒரே உணர்ச்சியில் பாடிவிடாதீர்கள்.

மறுப்பு: வேதாகமத்தில் (பைபிளில்) திமோர் என்றால் பயபக்தி. இங்கே அச்சம் என்பது தவறு.

பதில்: வேதாகமத்தின் இரண்டாம் சங்கீதத்துக்கு நீங்கள் சொல்வது சரி. 'ஆண்டவருக்குத் திமோரோடு ஊழியம் செய்யுங்கள், த்ரெமோரோடு களிகூருங்கள்' என்கிறது லத்தீன் பாடம். களிப்பு இருக்குமிடத்தில் அது பக்திதான். ஆனால் வெர்டி இசையமைத்த பாட்டில் அடுத்த அடியே தீர்ப்பும் வரப்போகும் கோபமும். பாடுகிறவர் தன்னை விடுவிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். இது பச்சை அச்சம்.

மறுப்பு: விசுவாசி ஏன் அப்படி அஞ்ச வேண்டும்?

பதில்: அது இறையியல். போதகரிடம் கேளுங்கள். நான் வரியில் இருப்பதைத்தான் சொல்ல முடியும். வரியில் கோபம் இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. மருத்துவர் 'ட்ரெமர்' என்று எழுதியிருக்கிறார். பயத்தால் வந்ததா?

பதில்: அந்தச் சொல் நடுக்கத்தை மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.